ஒரு ஜாண் கையெழுத்து

புஜைரா
17 ஜனவரி 2025

அன்புள்ள நளினி,

நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் தோஹா குளிரில் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்த ஊரில் வாட்ஸ்அப்பில் பேச்சு போகாது. எழுத்தும் படமும் போகும். நமக்கு அதுவே நல்லது. நாம் இருவரும் போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. ஆகவே வழக்கம்போல் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

எங்கள் எண்ணெய்க் கிடங்குக்குப் புது மேலாளர் வந்திருக்கிறார். டக்ளஸ் என்று பெயர், அமெரிக்காக்காரர். உனக்குத் தெரியும், இங்கே ஒரு தொட்டியைக் கழுவ ஆள் இறங்க வேண்டுமென்றால் உள்ளே விஷவாயு இல்லையென்று நான் சோதித்து பர்மிட்டில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் நாளே டக்ளஸ் ஒரு பர்மிட்டை என் மேசையில் தட்டி, "பாஸ்கர், உன் ஜான் ஹான்காக் எங்கே?" என்றார். அப்படி ஓர் ஆள் நம்மிடம் இருக்கிறானா என்று நான் டியூட்டி பட்டியலைப் புரட்டினேன். தொட்டி கழுவும் ஆட்களுக்கு மேஸ்திரியான முனியசாமி, "ஜானா? நம்ம கேங்க்ல பிலிப்பினோ யாரும் இல்லையேண்ணே. நைட் ஷிப்டா இருக்கும்" என்றான்.

டக்ளஸ் சிரித்து முடித்தபிறகு விளக்கினார். அமெரிக்கர்கள் விடுதலை அறிவித்த சாசனத்தில் ஜான் ஹான்காக் என்பவர்தான் முதலில் கையெழுத்திட்டாராம். இங்கிலாந்து ராஜா மூக்குக்கண்ணாடி இல்லாமலே படிக்கட்டும் என்று அவ்வளவு பெரிதாகப் போட்டாராம். அன்றிலிருந்து அங்கே கையெழுத்துக்கு அவர் பெயரே பெயர்.

ஹான்காக் நம் ஆட்கள் வாயில் நிற்கவில்லை. ஜான் மட்டும் மிஞ்சி அதுவும் ஜாண் ஆகிவிட்டது. "அண்ணே, ஒரு ஜாண் போடுங்க, இறங்கணும்" என்று முனியசாமி கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டுகிறான். கையெழுத்து ஒரு ஜாண் நீளம் இருக்க வேண்டும் என்பது புது சட்டம் என்றே அவன் நம்புகிறான். அவனுக்காக நானும் பேனாவை இழுத்து இழுத்து வால் வைத்துப் போடுகிறேன்.

சம்யுக்தாவுக்குச் சிங்கப்பூர் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததை உன் அண்ணி அருணா சொல்லியிருப்பாள். என் மகள் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

பிரியமுள்ள அண்ணன்,
பாஸ்கர்


தோஹா
26 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே இருவரும் நலம். உன் முதுகுவலி எப்படியிருக்கிறது என்று நீ எழுதவில்லை.

பள்ளி நூலகத்தில் எனக்கு இந்த வாரம் வேலை குறைவு. உன் ஹான்காக்கைத் தேடிப் பார்த்தேன். ராஜாவின் மூக்குக்கண்ணாடிக் கதைக்கு அந்தக் காலத்துச் சாட்சியம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. பிறகு வந்தவர்கள் கட்டியதாகத்தான் தெரிகிறது. அவர் அந்தச் சாசனத்தை வெளியிட்ட சபையின் தலைவர். முதல் ஆளாகப் போட்டார், முன்னால் வெற்றுத் தாள் கிடந்தது, தாராளமாகப் போட்டார். அவ்வளவுதான். உன் மேலாளரிடம் சொல்ல வேண்டாம், பாவம்.

இப்போது காரியம். அண்ணி பேசினார். சம்யுக்தாவின் பாஸ்போர்ட் காலாவதியாகிறது. அவளுக்குப் பதினெட்டு ஆகாததால் புதுப்பிக்கத் தாய் தந்தை இருவர் சம்மதமும் வேண்டும். நீ துபாய்க்குப் போய் நம் தூதரக அதிகாரி முன்னால் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திட்டு மதுரைக்கு அனுப்ப வேண்டும். உன் பாஸ்போர்ட்டில் உள்ள அதே கையெழுத்து. ஜூன் முடிவதற்குள் புது பாஸ்போர்ட் கையில் இல்லையென்றால் சிங்கப்பூரில் இடம் போய்விடும். நிறைய நாள் இருக்கிறது என்று தள்ளிப்போடாதே. உன்னை எனக்குத் தெரியும்.

அன்புடன்,
நளினி


புஜைரா
23 பிப்ரவரி 2025

அன்புள்ள நளினி,

உடம்புக்கு ஒன்றுமில்லை. முதுகுவலி போய்விட்டது. நீ நலமா, மாப்பிள்ளைக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா?

பதில் தாமதம். இங்கே மூன்று தொட்டிகளை ஒன்றாக நிறுத்திப் பழுது பார்க்கிறார்கள். லீவு என்ற சொல்லை எடுத்தாலே டக்ளஸ் மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிறார். துபாய் போக வேண்டும், போவேன்.

உன் ஆராய்ச்சியைப் படித்தபிறகு ஒன்று யோசித்தேன். அந்தச் சாசனத்தில் ஐம்பத்தாறு பேர் கையெழுத்திட்டார்களாம். எல்லோருக்கும் தூக்குக்கயிறு ஆபத்து ஒன்றுதான். ஆனால் ஒருவர் பெயர்தான் சொல்லாக நின்றது. மற்றவர்கள் தங்கள் பெயரைச் சின்னதாகப் போட்டதுதான் அவர்கள் செய்த தவறா? சின்னதாகப் போட்டவனும் மனதாரப் போட்டிருக்க மாட்டானா? நீ படித்தவள், சொல்.

முன்பு சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே டீ குடித்துவிட்டு ஓடுவேன். இப்போது இரண்டையும் தனித்தனியாகச் செய்கிறேன். வயசு.

பிரியமுள்ள அண்ணன்,
பாஸ்கர்


தோஹா
2 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கேட்டதற்கு நன்றி. நான் கேட்டதற்குத்தான் பதில் இல்லை.

லீவு இல்லை என்கிறாய். மகள் படிப்புக்கு ஒரு நாள் தராத கம்பெனியா? எனக்கு நம்பிக்கை வரவில்லை. பச்சையாகவே எழுதுகிறேன்: அவள் அவ்வளவு தூரம் போவது உனக்குப் பிடிக்கவில்லை. நீ ஊர் ஊராகப் போகலாம், பெண் போகக்கூடாது. அப்படியென்றால் அதைச் சொல். அமெரிக்கச் சரித்திரத்தை நடுவில் இழுக்காதே.

இன்னொன்று. உன் எழுத்துக்கு என்ன வந்தது? ஜனவரியில் கோடு போட்ட தாள்; உன் எழுத்து கோட்டின் பாதியைக்கூடத் தொடவில்லை. பிப்ரவரியில் கோடில்லாத தாளில் எழுதியிருக்கிறாய். வரி தொடக்கத்தில் எழுத்தாக இருப்பது முடிவில் எறும்பாகிவிடுகிறது. போனில் எவ்வளவு பெரிதாக்கினாலும் படிக்க முடியவில்லை. தாள் பஞ்சமா?

நளினி


புஜைரா
16 மார்ச் 2025

அன்புள்ள நளினி,

நலம்.

இனி கணினியில் தட்டச்சு செய்தே அனுப்புகிறேன். உன் கண்ணுக்குச் சிரமம் இருக்காது.

சம்யுக்தா போவதில் எனக்கு வருத்தம் என்று நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். வருத்தமில்லை. அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

துபாய் போகிறேன்.

பாஸ்கர்


தோஹா
20 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையில் நான் இல்லை. நீ எதைக் கேட்டாலும் நலம் என்கிறாய்.

ஒரு மாதமாகிறது. பத்திரம் மதுரைக்குப் போகவில்லை. நேற்று அண்ணி அழுதுகொண்டே பேசினார். பாஸ்போர்ட் ஏஜெண்ட் ஒரு வழி சொன்னானாம். "மேடம், அவர் சம்மதம் தரமாட்டேங்கிறார், தொடர்பே இல்லைன்னு நீங்க எழுதிக் கொடுத்துருங்க. தாய் மட்டும் போட்டாலே போதும்" என்றானாம். தகப்பன் கைவிட்டுவிட்டான் என்று எழுதுவதற்கு அது மரியாதையான பாஷை. அண்ணி மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் சம்யுக்தா, "எழுதிக் குடும்மா, அது உண்மைதானே" என்றாளாம்.

இதை உனக்கு எழுத வேண்டாம் என்றார் அண்ணி. எழுதிவிட்டேன்.

மே மாதத்துக்குள் உன் பத்திரம் போகாவிட்டால் அண்ணி அந்த ஏஜெண்ட் சொன்ன தாளில் கையெழுத்திட்டுத்தான் ஆக வேண்டும். பிறகு அந்தப் பெண்ணிடம் நீ என்ன சொன்னாலும் அது ஏறாது.

நளினி


தோஹா
4 மே 2025

அண்ணனுக்கு,

என் கடிதத்துக்குக் கீழே இரண்டு நீலக் குறி விழுந்திருக்கிறது. படித்துவிட்டாய். அதன்பிறகு ஒரு சொல்கூட இல்லை.

நலமா?

நளினி


புஜைரா
9 மே 2025

நளினி தங்கச்சிக்கு கௌஸ் முகம்மது சலாம் சொல்லி எழுதுறது. நீங்க, வீட்ல எல்லாரும் நல்லா இருக்கணும். நான் ஆம்பூர். உங்க அண்ணனோட ஒரே ரூம்ல ஆறு வருஷமா இருக்கேன். அவர பாய்னுதான் கூப்பிடுவேன். எழுதிப் பழக்கமில்ல. போன்ல பேசுறேன், அதுவே எழுதிக்குது. தப்பிருந்தா மன்னிச்சிருங்க.

சொல்லக்கூடாதுன்னு பாய் என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு. அத உடைக்கிறேன். அல்லா பாத்துக்கட்டும்.

லீவு கிடைக்கலன்னு உங்களுக்கு எழுதினாராமே. கிடைச்சுது தங்கச்சி. ரெண்டு தடவ நான்தான் வண்டில துபாய் கூட்டிட்டுப் போனேன். கவுண்டர்ல இருந்தவரு நல்ல மனுஷன். "சார், பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரி வரல, நிதானமா இன்னொரு தடவ போடுங்க"ன்னு வேற தாள் குடுத்தாரு. வேற பேனா குடுத்தாரு. போடப் போட சின்னதாத்தான் வந்துச்சு. பின்னாடி கியூ நிக்குது. பாய் பேப்பர எல்லாம் பொறுக்கி மடிச்சு பையில வச்சிக்கிட்டு வெளிய வந்துட்டாரு. கராமாவுல ஒரு கடையில டீ சொன்னேன். தொடல. ரெண்டாவது தடவயும் அதே கதை.

"யாருக்கும் சொல்லாத. இங்க என் வேலையே கையெழுத்துதான். அது போச்சுன்னு தெரிஞ்சா வேலை கலாஸ், விசா கலாஸ், புள்ள படிப்பு கலாஸ்"னு சொன்னாரு. டாக்டர்கிட்ட வாங்கன்னா வரமாட்டாரு.

பர்மிட்ல மட்டும் எப்படியோ இழுத்துப் போட்டு சமாளிச்சிட்டிருந்தாரு. திங்கக்கிழமை என்னாச்சுன்னா, ஒரு தொட்டிக்கு பர்மிட் போட்டு அனுப்பினாரு. அதக் கையில வாங்கின முனியசாமி இறங்கமாட்டேன்னு நின்னுட்டான். "இது அண்ணே போட்ட ஜாண் இல்ல. எவனோ திருட்டுத்தனமாப் போட்டிருக்கான். எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. எனக்கு புள்ளகுட்டி இருக்குய்யா"ன்னான். சூப்பர்வைசர் "யல்லா, யல்லா, டைம் மாஃபி"ன்னு, சீக்கிரம், நேரமில்லன்னு கத்துறான். இவன் ஹெல்மெட்ட கழட்டி தரையில வச்சு அதுமேலயே உக்காந்துட்டான். மத்தவங்களும் உக்காந்துட்டாங்க. டக்ளஸ் வந்தாரு.

பாயக் கூப்பிட்டாங்க. "நான்தாண்டா போட்டேன்"னாரு. முனியசாமி நம்பல. யாரையோ காப்பாத்தப் பொய் சொல்றாருன்னு நெனச்சிட்டான். "அப்படின்னா எங்க முன்னாடி ஒண்ணு போடுங்கண்ணே, பாப்போம்"னு சிரிச்சிக்கிட்டே பேனாவ நீட்டினான். கெட்ட எண்ணமில்ல, அவன் எப்பவும் அப்படித்தான்.

பாய் வாங்கினாரு. முதல் எழுத்து நல்லாத்தான் விழுந்துச்சு. அடுத்தது கொஞ்சம் சின்னது. அடுத்தது அதவிட. கடைசில பேனா ஒரு புள்ளில நின்னுடுச்சு, நகரல. அவரும் தாளையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. முனியசாமி சிரிப்பு அப்படியே போயிடுச்சு. பேனாவ அவனே மெதுவா விரல்லேருந்து எடுத்துட்டு, "உக்காருங்கண்ணே. தண்ணி குடிங்க"ன்னான். அப்புறம் அந்தப் பக்கம் போய் நின்னு அழுதான்.

எங்க உருதுல ஜான்னா உயிரு. நாங்க கிண்டலா "பாய், ஜான் தேதோ", உயிரக் குடுங்கன்னு கேப்போம். அவரும் சிரிச்சிக்கிட்டே போட்டுக் குடுப்பாரு. அவர்கிட்ட தினமும் என்ன கேட்டுக்கிட்டு இருந்தோம்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது. ஒண்ணு சொல்லிடுறேன், காஸ் டெஸ்ட்ல அவர் ஒரு நாளும் குறை வச்சதில்ல. அன்னைக்கும் சரியாத்தான் பாத்திருந்தாரு.

டக்ளஸே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனாரு. பார்க்கின்சன்னு டாக்டர் சொல்றாரு. இப்ப பர்மிட் வேலையிலேருந்து எடுத்துட்டாங்க. ரூம்லயே இருக்காரு. நீங்க எழுதினதையெல்லாம் திரும்பத் திரும்பப் படிக்கிறாரு. பதில் மட்டும் எழுதல. நீங்க வரணும்.

கௌஸ் முகம்மது


தோஹா
10 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கௌஸ் பாய் எழுதினார். அவரைத் திட்டாதே.

உன் எழுத்து சிறுத்துப்போவதை ஜனவரியிலேயே பார்த்தேன். கோட்டையும் எழுத்தையும் ஒப்பிட்டெல்லாம் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தாள் பஞ்சமா என்று கேட்டேன். சம்யுக்தா விஷயத்தில் உன்னைப் பற்றி எழுதியதும் தவறு. இதற்கு மேல் இதை எழுதினால் எனக்காக எழுதுவதாகிவிடும், விடுகிறேன்.

இந்த நோயில் பலருக்கு இப்படி எழுத்து சிறுத்துப்போகுமாம். மருத்துவத்தில் அதற்குத் தனிப் பெயரே உண்டு. நீ சோம்பலோ கவனக்குறைவோ காட்டவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். மருந்தும் பயிற்சியும் உண்டு. முழுக்கச் சரியாகும் என்று நான் சொல்லமாட்டேன்.

பிப்ரவரியில் நீ கேட்ட கேள்விக்கு இப்போதுதான் தேடினேன். அதே சாசனத்தில் ஸ்டீபன் ஹாப்கின்ஸ் என்று ஒருவர் கையெழுத்திட்டிருக்கிறார். அவருக்குக் கைநடுக்கம். கையெழுத்திடும்போது அவர் பேசியதாக ஒரு வீர வசனம் உலவுகிறது. அதை நான் நம்பவில்லை, ஆகவே எழுதவில்லை. கையெழுத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். கோணல்மாணலாகத்தான் இருக்கிறது. அவர் பெயர் எந்தச் சொல்லாகவும் ஆகவில்லை. ஆனால் அது செல்லாது என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

வியாழக்கிழமை வருகிறேன். அன்றைக்கே துபாய் போய்விடுவோம். அதற்குள் நீ அண்ணியிடம் பேசிவிட வேண்டும். அதை மட்டும் உனக்காக நான் செய்யமாட்டேன்.

நளினி


புஜைரா
12 மே 2025

அன்புள்ள நளினி,

உடம்பு சரியில்லை. இந்த முறை உண்மையை எழுதுகிறேன்.

அருணாவிடம் சொல்லிவிட்டேன். அவள் முழுவதும் கேட்டாள். பிறகு, "சாப்ட்டீங்களா?" என்றாள். சம்யுக்தாவிடம் நானே சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். போனில் முடியவில்லை. எழுதப்போகிறேன்.

வா.

பாஸ்கர்


புஜைரா
17 மே 2025

அன்புள்ள சம்யுக்தா,

நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். நான் எப்படியிருக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அப்பாவுக்குக் கையில் ஒரு நோய். பேனா பிடித்தால் எழுத்து சிறிதாகிக்கொண்டே போய் நின்றுவிடுகிறது. அதை மறைக்கத்தான் இத்தனை நாள் உன் பத்திரத்தைத் தள்ளிப்போட்டேன். உன்னை அனுப்ப எனக்கு மனமில்லை என்று நீ நினைத்தது நியாயம். வேறு எதை நினைக்கவும் நான் உனக்கு இடம் தரவில்லை.

பத்திரத்தை நேற்று கூரியரில் அனுப்பிவிட்டேன். திங்களோ செவ்வாயோ வரும். நீ அதைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன் இந்தக் கடிதம் வந்துசேர வேண்டும் என்றுதான் இதைப் போனில் அனுப்புகிறேன்.

துபாய்க்கு அத்தையும் வந்தாள். நான் போட முயன்றேன், வரவில்லை. அந்த அதிகாரிக்கு என்னை ஞாபகம் இருந்தது. மெதுவாக, "சார், இடது பெருவிரல் ரேகை வைக்கலாமே. அதுவும் செல்லும்" என்றார். உன் அத்தையை உனக்குத் தெரியும், வெளியிடத்தில் குரல் உயர்த்த மாட்டாள். அவள் சட்டென்று, "அவர் எம்.எஸ்ஸி. படிச்சவர்" என்றாள். பக்கத்துக் கவுண்டரில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி, "தெரியுது மேடம். படிக்காதவங்களுக்கு மட்டும்தான்னு எங்கயும் எழுதல" என்றார். அத்தை கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள்.

கைநாட்டு என்று நம் ஊரில் யாரைச் சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். நானும் சொல்லியிருக்கிறேன். என் விரலை அவர் பிடித்து மையில் உருட்டித் தாளில் வைத்தார். முதல் ரேகை கலங்கிவிட்டது. இன்னொரு தாளில் வைத்தோம். அது தெளிவாக விழுந்தது.

ஆகவே பத்திரத்தில் என் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் நீல மையில் ஒரு வட்டம் இருக்கும். வேறு யாருடையதோ என்று நினைத்துவிடாதே. அது நான்தான்.

இங்கே கணக்கு முடித்து ஜூலையில் ஊருக்கு வருகிறேன். நீ விமானம் ஏறும் நாளில் நானும் இருப்பேன். அதுவரை உன் கோபம் போகாவிட்டாலும் பரவாயில்லை.

கூரியர்காரன் வந்தால் அம்மாவைக் கூப்பிடாதே, நீயே வாங்கிக்கொள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்பான். நன்றாகப் பெரிதாகப் போடு.

அப்பா